சர்வர் தாங்கும் சுமை

பெங்களூர் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன் என்னும் சிற்றுண்டிச்சாலை 1943-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் அங்கே சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சர்வர் ஒருவர் தம் ஒரு கையிலே பத்துக்கும் மேற்பட்ட தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, நெருக்கமாகப் போட்ட மேஜைகளுக்கு இடையே, ஒரு தட்டும் சரியாமல் நடந்து வருவார். காண்பவர்கள் அவருடைய கைத்திறனை வியப்பார்கள். நியாயமான வியப்புத்தான். ஆயினும் அந்தத் திறமைக்குத் துணையாக வாசலில் நடக்கும் இன்னொரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே கூட்டம் நிறுத்தப்படுகிறது. உள்ளே இடம் காலியான பின்னரே அடுத்தவர் அழைக்கப்படுகிறார். வாசலில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உள்ளே புகுந்துவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரச் சர்வரானாலும் ஒரு தோசையைக்கூட உரிய மேஜையில் கொண்டு வைக்க இயலாது.

இன்று நான் பேச வந்தது இதே பெயர் கொண்ட வேறொரு சர்வரைப் பற்றி. நாம் கைப்பேசியில் ரயில் டிக்கெட் பதிவு செய்கிறோம். பூக்காரிக்குப் பணம் அனுப்புகிறோம். பரீட்சை முடிவைப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் வேண்டுகோள் எங்கோ ஓரிடத்தில் குளிரூட்டப்பட்ட கட்டடத்தில் இருக்கும் ஒரு கணினியைச் சென்று அடைகிறது. அது நம் வேண்டுகோளைக் கேட்டு, வேண்டியதை எடுத்துப் பரிமாறுகிறது. பரிமாறுகிற காரணத்தால் அதற்கும் சர்வர் என்றே பெயர் வந்தது. அதனைக் கண்காணித்து, பழுது பார்த்து, ஓயாமல் ஓடச் செய்பவர் கணினி நிர்வாகி. சிற்றுண்டிச்சாலைச் சர்வரை நாம் கண்ணால் காண்கிறோம். அவர் திணறினால் சற்றுப் பொறுத்துக்கொள்கிறோம். கணினிச் சர்வர் திணறுவதோ நமக்குத் தெரிவதில்லை. நம் முன்னே ஒரு சிறு வட்டம் சுழல்கிறது, அவ்வளவுதான். நாம் பொறுமை இழந்து மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். அப்படி அழுத்துவதால் என்ன நேர்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சுமை ஏற ஏறக் காத்திருக்கும் நேரம் எப்படி வளர்கிறது என்பது, கணினிகள் தோன்றுவதற்கு முன்பே, தொலைபேசிக்காரர்களுக்கு எழுந்த கேள்வி. டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அக்னர் க்ரருப் எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-ஆம் ஆண்டில் இதைப்பற்றித் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். இத்தனை பேர் பேசும் ஊருக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் வேண்டும், ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பவை அவர் ஆராய்ந்த வினாக்கள். இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்றே பெயர். பெங்களூருக்கும் இந்த வினாக்களுக்கும் பழைய உறவு உண்டு. 1948-ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் தொலைபேசிகளும் எக்ஸ்சேஞ்சு யந்திரங்களும் உருவாயின. கணினிச் சர்வர்கள் இந்நகரின் பெயரை உலகெங்கும் பரப்புவதற்கு முன்பே, பலருடைய அழைப்புகளை ஒரு யந்திரம் எப்படித் தாங்கும் என்ற கேள்வியோடு இங்கே பொறியாளர்கள் பழகியிருந்தார்கள்.

அந்தக் கணக்கின் எளிய வடிவத்தை மட்டும் சொல்லுகிறேன். ஒரே ஒரு சர்வர் இருப்பதாகவும், ஒருவருடைய வேலையை முடிக்கச் சராசரியாக 1 நிமிடம் ஆவதாகவும், ஜனங்கள் முன்பின் திட்டமின்றி வருவதாகவும் வைத்துக்கொள்வோம். சர்வர் தன் நேரத்தில் பாதியை, அதாவது நூற்றுக்கு 50 பங்கை, வேலையில் செலவிட்டால் ஒருவர் சராசரியாக 1 நிமிடம் காத்திருப்பார். 80 பங்கு வேலை இருந்தால் 4 நிமிடம். 90 பங்கானால் 9 நிமிடம். 95 பங்கானால் 19 நிமிடம். 99 பங்கானால் 99 நிமிடம்! வேலை 50-இலிருந்து 80 ஆக உயர்ந்தபோது மூன்று நிமிடமே கூடிற்று; 95-இலிருந்து வெறும் 4 பங்கு உயர்ந்தபோது எண்பது நிமிடம் கூடிவிட்டது. ஆகவே நேற்றுவரை நன்றாக நடந்த சர்வர் இன்று சிறிதளவு கூட்டம் மிகுந்தவுடன் திடீரென்று நின்றுபோனது போலத் தோன்றுவதில் மாயம் ஒன்றும் இல்லை. விளிம்பிலே நடப்பவனுக்கு ஓர் அடியே அதிகம்.

இந்நகரத்தின் வியாபார வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2007-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதியன்று பெரியதொரு தள்ளுபடி விற்பனையை அறிவித்தது. செய்தித்தாள்களிலே பக்கம் பக்கமாக விளம்பரம். காலை எட்டு மணிக்கு விற்பனை தொடங்கியதும் நாடெங்கிலுமிருந்து மக்கள் ஒரே கணத்தில் நுழைந்தார்கள். பலருக்குப் பக்கமே திறக்கவில்லை; சிலருக்குப் பொருள் கூடையில் இருந்தது, பணம் செலுத்தும்போது இல்லை என்று வந்தது. பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தது என்றாலும், மறுநாள் நிறுவனர்களான சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் கடிதம் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஏறத்தாழ 5000 சர்வர்களை நிறுத்தி, வழக்கத்தைப்போல 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்ததாகவும், வந்த கூட்டம் அதையும் மிஞ்சிவிட்டதாகவும் அக்கடிதம் கூறிற்று. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது, இருபது மடங்கு ஏற்பாடு செய்தவர்களுக்கும் இது நேர்ந்தது என்பதே. எத்தனை மடங்கு ஏற்பாடு செய்தாலும் அதற்கு மேல் ஒன்று வரக்கூடும். ஆகையால் 'எவ்வளவு தாங்கும்?' என்ற கேள்வியோடு, 'அதற்கு மேல் வந்தால் என்ன செய்யும்?' என்ற கேள்வியையும் ஒவ்வொரு நிர்வாகியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்கு நம் ஏரிகளை அமைத்தவர்கள் விடை வைத்திருந்தார்கள். ஏரிக்கு மதகு உண்டு. அது பாசனத்துக்கு நீர் விடும் வழி. மதகு போதாது என்று கருதிக் கலிங்கும் கட்டினார்கள். நீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் கலிங்கு வழியாகத் தானாகவே வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். கன்னடத்தில் இதனைக் கோடி என்பார்கள். பெங்களூர் வட்டாரத்து ஏரிகள் இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. வழிந்த நீரைக் கொண்டு செல்லும் ராஜகாலுவாய்கள் பல இடங்களில் அடைபட்டும் குறுகியும் போயின. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருமழை பெய்தபோது, கணினி நிறுவனங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலை வெள்ளத்தில் மூழ்கியதை நாடே பார்த்தது. கலிங்கு இல்லாத ஏரி நிறைந்தால் வழியாது, கரை உடையும். கரை உடைந்தால் கீழே உள்ள ஏரிகளின் கரைகளும் அடுத்தடுத்து உடையும். சர்வர்களின் கதையும் இதுவே.

ஒரு சர்வர் திணறும்போது அதற்குப் பின்னாலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதில் வரவில்லை என்று பயனாளர் மறுபடியும் அழுத்துகிறார். அவர் கையிலுள்ள செயலியும் தானாகவே மறுபடி கேட்கிறது. இடையிலுள்ள வங்கியின் கணினியும் 'என்ன ஆயிற்று?' என்று விசாரிக்கிறது. ஒரு வேண்டுகோள் மூன்றாகவும் ஐந்தாகவும் பெருகுகிறது. சர்வரோ, கேட்டவர் கைவிட்டுப் போன பழைய வேண்டுகோளுக்கும் விடை தேடிக்கொண்டு தன் பலத்தை வீணாக்குகிறது. முதலில் வந்த சுமை குறைந்த பிறகும், விசாரணைகளின் சுமையே அதனை எழவிடாமல் அழுத்துகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை நம் நாட்டின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் அதன் வழியே நடந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி, சனிக்கிழமையன்று, அம்முறை பல மணி நேரம் தடுமாறியது. அதனை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் காரணத்தை ஆராய்ந்தது. 'அந்தப் பரிமாற்றம் முடிந்ததா?' என்று சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல், பழைய பரிமாற்றங்களைப் பற்றியுங்கூட, விசாரித்துக்கொண்டே இருந்தமையால் சுமை பெருகியது என்று தெரிந்தது. நலம் விசாரிக்க வந்தவர்களே நோயாளியை மூச்சுத் திணற வைத்தது போன்ற கதை! பின்னர் ஒரு பரிமாற்றத்தைப் பற்றி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு வலியுறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டு முதல், ஒருவர் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் தம் கணக்கிலுள்ள இருப்பைப் பார்க்க முடியாது என்ற வரம்பும் வந்தது.

இத்தகைய தடுமாற்றத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணராஜ மார்க்கெட்டில் விடியற்காலையில் பூ விற்கும் பெண்மணியிடம் பணம் வந்ததை அறிவிக்கும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று இருக்கிறது. அது பேசாவிட்டால் அவர் என்ன செய்வார்? வாங்கியவர் 'அனுப்பிவிட்டேன்' என்கிறார். பெட்டி மௌனமாக இருக்கிறது. நம்பிப் பூவைக் கொடுத்தால் நஷ்டம் வரலாம். கொடுக்காவிட்டால் வாடிக்கை போகலாம். பூவோ மாலைக்குள் வாடிவிடும். பெரிய நிறுவனத்துக்கு ஒரு மணி நேரத் தடை ஓர் அறிக்கையோடு போய்விடும். பூக்கூடைக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கு அது ஒரு நாளைய வரும்படி.

இனி, சுமையைச் சமாளிக்கும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதல் வழி, மரியாதையாக மறுப்பது. பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் கம்பி காலியில்லை என்றால் உடனே ஒரு விட்டுவிட்ட ஒலி கேட்கும். அந்த ஒலியின் பொருள், 'இப்போது இயலாது, பிறகு வாருங்கள்' என்பது. கேட்டவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் நிலைமை தெரிந்துவிடுகிறது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சும் துண்டிக்கப்படுவதில்லை. கணினிச் சர்வரும் இவ்வாறே தன் அளவை அறிந்து, அதற்கு மேல் வந்தவரிடம் உடனே 'பொறுங்கள்' என்று சொல்லவேண்டும். எல்லோரையும் ஏற்றுக்கொண்டு ஒருவருக்கும் பரிமாறாமல் இருப்பதைவிட, நூறு பேரை ஏற்றுப் பத்துப் பேரைத் திருப்பி அனுப்புவது மேல்.

இரண்டாவது வழி, மறுமுயற்சிக்கு ஒழுங்கு விதிப்பது. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் அலோஹா என்னும் வலை இயங்கத் தொடங்கிற்று. வானொலி அலைகள் வழியே கணினிகளை இணைத்த வலை அது. ஒரே அலையில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் குழம்பிவிடும். அப்போது இரண்டும் ஒரே அளவு நேரம் காத்திருந்து மீண்டும் பேசினால், மீண்டும் மோதல்தான். ஆகவே ஒவ்வொரு கணினியும் தனக்குத் தோன்றிய ஒரு கால அளவு, சீட்டுக் குலுக்கியது போல, காத்திருக்குமாறு ஏற்பாடு செய்தார்கள். பின்னர் வந்தவர்கள் இதனோடு இன்னொரு விதியைச் சேர்த்தார்கள். முதல் முறை தவறினால் 1 விநாடி, அடுத்து 2, அடுத்து 4, பிறகு 8 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது. இவ்விரண்டு விதிகளும் எழுதப்படாத செயலி, நல்ல நாளில் குறை தெரியாமல் ஓடும். நெருக்கடி நாளிலே எதிரியாகிவிடும்.

மூன்றாவது வழி, ஆடம்பரத்தைக் குறைப்பது. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் உலகக்கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியதை, அந்நாளில் ஹாட்ஸ்டார் என்ற பெயரில் இயங்கிய சேவையில் ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2023 நவம்பர் 19-ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் அத்தொகை 5.9 கோடியாயிற்று. இத்தகைய கூட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மக்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுமை ஒருவாறு சீராக இருக்கும். முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டமிழந்தவுடன், கோடிக்கணக்கானோர் ஒருமிக்க ஆட்டத்தை விட்டு முகப்புப் பக்கத்துக்குத் திரும்புவார்கள். கூட்டம் கலையும் நேரமே முகப்பைத் தாங்கும் சர்வர்களுக்கு ஆபத்தான நேரம். அப்போது 'உங்களுக்குப் பிடித்தவை இவை' என்பன போன்ற உபசாரங்களை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரே முகப்பைக் காட்டினால் வேலை வெகுவாகக் குறையும். கல்யாண வீட்டில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விருந்தினர் வந்துவிட்டால், நாம் பாயசத்தை விட்டாலும் சோற்றை விடுவதில்லை அன்றோ?

நான்காவது வழி, புதிய சர்வர்களைச் சேர்ப்பது. இக்காலத்தில் வேண்டும்போது வாடகைக்கு எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடும் வசதி இருக்கிறது. ஆனால் புதுச் சர்வர் எழுந்து ஆயத்தமாகச் சில நிமிடங்கள் ஆகும். கூட்டமோ விநாடிகளில் வந்துவிடுகிறது. ஆகவே கூட்டம் வரும் நாள் தெரிந்தால் முன்கூட்டியே நிறுத்திவைப்பதும், பொய்யான கூட்டத்தை நாமே அனுப்பி ஒத்திகை பார்ப்பதும் இன்றியமையாதவை.

ஐந்தாவது வழியை நான் என் சொந்தத் தவற்றால் கற்றேன். இந்நகரில் ஓர் அலுவலகத்தில் இளம் நிர்வாகியாக இருந்த காலம். மாதக் கடைசி நாள். காலை பத்து மணிக்குச் சர்வர் மிகவும் மெதுவாகிவிட்டது. நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி அவ்வாறே செய்தேன். தொடங்கிய கணத்திலே காத்திருந்த நானூறு கணினிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. ஓடிக்கொண்டிருந்த சர்வர் அடிக்கடி கேட்கப்படும் செய்திகளைத் தன் நினைவிலே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும். நான் நிறுத்தியதால் அந்நினைவும் அழிந்துபோயிருந்தது. ஆகவே அது முன்னைவிட மெதுவாகி விழுந்தது. நான் பதறி மறுபடியும் நிறுத்தித் தொடங்கினேன். மறுபடியும் விழுந்தது. அப்போது மூத்த சக ஊழியர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் கிளை அலுவலகங்களின் கம்பிகளைக் கழற்றினார். சர்வரைத் தொடங்கி, ஒவ்வொரு கிளையாக இணைத்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காயிற்று. "தம்பி, பசியோடு கூட்டம் நிற்கும்போது கதவை ஒருக்களித்துத் திற, உள்ளே வந்தவர்கள் உட்காரட்டும், பிறகு அகலத் திற" என்றார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பாடம் இன்றளவும் நினைவில் நிற்கிறது என்று கருதுகிறேன்.

சுமையிலிருந்து தவற்றுக்கு வந்துவிட்டோம். இரண்டும் நெருங்கிய உறவினர். சுமை மிகுந்த நேரத்திலேதான் மனிதன் தவறு செய்கிறான்.

கிட்லேப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தம் எழுத்துகளைச் சேமித்து வைக்கும் சேவை. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு அதன் தரவுத்தளத்தின்மேல் சுமை ஏறியது. வேண்டாத விளம்பரங்களைப் புகுத்துவோரின் தொல்லை அதற்கு ஒரு காரணம். முதன்மைச் சர்வரின் நகலாக இயங்கிய இரண்டாவது சர்வர் பின்தங்கிப்போயிற்று. அதைச் சரிசெய்ய நிர்வாகி ஒருவர் இரவு வெகுநேரம் போராடினார். இரண்டாவது சர்வரிலுள்ள அரைகுறைத் தரவை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று தீர்மானித்து, அழிக்கும் கட்டளையை இட்டார். இட்டதோ முதன்மைச் சர்வரில்! ஓரிரு விநாடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 கிகாபைட் மட்டுமே.

காப்பு நகல்கள் இருக்கின்றனவே என்று தேடினார்கள். அப்போதுதான் உண்மையான அதிர்ச்சி வந்தது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய நகல் எடுக்கப்படவே இல்லை. நகலெடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன. தோல்வியை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் போய்ச்சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்தன. இறுதியில் அவர்களைக் காப்பாற்றியது, சோதனை ஒன்றுக்காக அதே நிர்வாகி ஆறு மணி நேரத்துக்கு முன்பு தம் கையாலே எடுத்து வைத்த ஒரு நகல். சுமார் 18 மணி நேரத்துக்குப் பிறகு சேவை மீண்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போயிற்று. எடுத்த நகலைத் திருப்பி ஏற்றிப் பார்க்காதவரை நகல் என்று ஒன்று இருப்பதாக எண்ணக்கூடாது என்பது இதனால் விளங்கும். விதை நெல்லைக் குதிரில் போட்டுவைத்தால் போதாது. முளைக்கிறதா என்று ஒரு பிடி எடுத்து ஊறவைத்துப் பார்ப்பவனே விவசாயி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்கும் வேலையை உலகோர் காணும்படி ஒளிபரப்பியது. பிறகு எழுதிய அறிக்கையில் அந்த நிர்வாகியின் பெயரைக் குறிப்பிடாமல், எந்த ஏற்பாடு எங்கே தவறியது என்பதையே விரிவாகக் கூறியது.

அதன்பின் ஒரு மாதம் கழிவதற்குள், பிப்ரவரி 28-ஆம் தேதி, அமேசான் நிறுவனத்தின் சேமிப்புச் சேவையில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில், வேறொரு விபத்து. சில சர்வர்களை மட்டும் விலக்கவேண்டிய ஊழியர் கட்டளையில் ஓர் எழுத்துப்பிழை செய்துவிட்டார். தேவைக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் சர்வர்கள் விலகிவிட்டன. அச்சேவையை நம்பியிருந்த எண்ணற்ற நிறுவனங்கள் சுமார் நான்கு மணி நேரம் முடங்கின. 'சேவை தடைபட்டுள்ளது' என்று அறிவிக்க வேண்டிய அமேசானின் அறிவிப்புப் பலகையும் அதே சேவையை நம்பியிருந்தமையால் உரிய நேரத்தில் மாற இயலவில்லை. பிறகு அந்நிறுவனம் செய்த திருத்தம் பாராட்டத்தக்கது. சர்வர்களை மெதுவாகவே விலக்கும்படியும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகவிடாதபடியும் அக்கருவியையே மாற்றி அமைத்தது. இனி எவர் பிழை செய்தாலும் அப்பிழை சிறிதாகவே இருக்கும்.

நம் அலுவலகங்களில் வழக்கம் வேறு விதமாக இருக்கிறது. சர்வர் விழுந்தால் முதலில் எழும் கேள்வி, 'யார் செய்தது?' என்பது. கிடைத்தவரைத் தண்டித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுகிறோம். அதன் விளைவு என்ன? அடுத்த முறை தவறு செய்தவர் அதை மறைக்கப் பார்ப்பார். மறைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சிறிய தவறு பெரிய நாசமாகும். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்து, எச்சரிக்கை ஒன்றும் வைக்காமல், நள்ளிரவில் களைத்த கண்களோடு அவரை உட்கார வைத்தவர்கள் யார் என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும். 'எந்த ஏற்பாடு இத்தவற்றை அனுமதித்தது?' என்று கேட்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு விபத்தும் ஒரு கலிங்கைக் கட்டிவிட்டுப் போகும். 'யார்?' என்று மட்டும் கேட்கும் அலுவலகத்தில் அதே விபத்து வேறொருவர் கையால் மீண்டும் நிகழும்.

நேயர்களே, இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. திரையில் வட்டம் சுழலும்போது, இரண்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொள்வோம். பணம் அனுப்பிப் பதில் வராவிட்டால் உடனே மறுபடி அனுப்ப வேண்டாம். இரண்டு முறை போய்விடக்கூடும். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடைசி மணி வரை காத்திராமல் முன்னதாகவே செலுத்திவிடுவோம். பூக்காரியின் பெட்டி பேசாவிட்டால், பையில் இரண்டு நோட்டுகளையும் வைத்திருப்போம். யாருடைய கைத்திறனும் இல்லாமல் தானே நிகழ்வது போலத் தோன்றும் இந்தச் சேவைக்குப் பின்னால், இரவில் விழித்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

கூட்டம் வரும், அதைத் தடுக்க முடியாது. மனிதன் தவறுவான்; அதையும் முற்றிலும் தடுக்க முடியாது. கூட்டத்தை வாசலில் ஒழுங்குபடுத்தத் தெரிந்த இடத்திலும், தவறியவர் உடனே 'தவறிவிட்டேன்' என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய இடத்திலும் தட்டுகள் சரிவதில்லை. காந்தி பஜாரில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தோசைத் தட்டுகளைக் காத்து வருவது, சர்வரின் கையோடு வாசலில் நடக்கும் ஒழுங்கும் சேர்ந்துதான்.